நலமாக இருக்கும் குதிரைக்கு ஊசி கேட்டு வரும்போது

ஆறு வயதில் ஓட்டத்தை நிறுத்தும் பந்தயக் குதிரை, ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் இருபத்தைந்து வயதைத் தொடும். 500 கிலோ எடையுள்ள குதிரைக்கு, உடல் எடையில் நூற்றுக்கு இரண்டு பங்கு என்று வைத்தால், நாளைக்கு 10 கிலோ உலர்தீவனம். வருடத்துக்கு 3,650 கிலோ. பத்தொன்பது வருடத்துக்கு ஏறக்குறைய எழுபது டன். கொள்ளு, தவிடு, லாடம், பூச்சி மருந்து, ஆள் கூலி எல்லாம் இதற்கு மேல். அந்த எழுபது டன்னை யார் போடுவது என்பதற்குப் பதில் இல்லாதபோதுதான், "ஊசி போட்டுடலாமா டாக்டர்?" என்ற பேச்சு வருகிறது. அந்த நேரம் குதிரை இரண்டடி தள்ளி நின்று தொட்டியில் தவிடு தின்றுகொண்டிருக்கும். அதற்கு ஒரு நோயும் இருக்காது.

இதற்கு 'கருணைக்கொலை' என்ற சொல்லைப் போடுவதில் எங்களுக்கு உடன்பாடில்லை. கால் இரண்டாக முறிந்த குதிரைக்கும், குடல் முறுக்கிப் புரளும் குதிரைக்கும் அந்தச் சொல் பொருந்தும். அங்கே கருணை யாருக்கு என்று கேட்க வேண்டியதில்லை. நலமான குதிரைக்கு அதே சொல்லைப் போட்டால், கருணை நம் பக்கம் சாய்ந்துவிடுகிறது. 'தூங்க வைப்பது' இன்னும் மோசம். குழந்தையைத்தான் தூங்க வைப்பார்கள். கொல்கிறோம் என்று சொல்லிவிட்டுப் பேச ஆரம்பித்தால் பாதி விவகாரங்கள் அந்த இடத்திலேயே நின்றுவிடும். சொல்ல வாய் வராதவர் வேறு வழி தேடப் போவார். தேடினால் பல நேரம் கிடைக்கும்.

வீடு கிடைக்காத குதிரைகளை மூன்று வகையாகப் பார்க்கலாம். உடம்பு சரி, கால் சரியில்லை என்பது முதல் வகை. தசைநாண் வீங்கியது, முழங்காலில் எலும்புச் சில்லு உடைந்தது, இனி ஏறி ஓட்ட முடியாது, ஆனால் மேய்ச்சலில் நடக்கும். உடம்பும் கால் நாலும் சரி, குணம் சரியில்லை என்பது இரண்டாவது. கடிக்கும், உதைக்கும், பின்னங்காலில் எழுந்து நிற்கும். மூன்றாவதில் எல்லாம் சரி, காசும் காலமும்தான் சரியில்லை. உடையவர் இறந்துபோனார், லாயம் மூடப்பட்டது, பிள்ளைகள் வெளிநாட்டில். 2024ல் ஊட்டிப் பந்தய மைதானத்தை அரசு எடுத்துக்கொண்டது, கிண்டி மைதானத்தின் குத்தகையையும் ரத்து செய்தது. இப்படி ஒரு தொழில் ஆட்டம் காணும்போது மூன்றாவது வகை ஒன்றிரண்டாக வராது, கூட்டமாக வரும்.

நான்காவதாக ஒன்றும் உண்டு, நம் ஊருக்கே உரியது: சுழி சரியில்லாத குதிரை. அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழாச் சந்தையில் பார்த்தவர்களுக்குத் தெரியும். பல்லைப் பார்ப்பதற்கு முன்னால் கழுத்து, நெற்றி, வயிறு என்று மயிர்ச்சுழியைத்தான் தடவுவார்கள். கழுத்தடியில் தேவமணி என்ற சுழி இருந்தால் விலை ஏறும். கூடாத இடத்தில் ஒரு சுழி இருக்கிறது என்று யாராவது வாய்விட்டுச் சொல்லிவிட்டால், எத்தனை நல்ல நடை இருந்தாலும் அன்றைக்கு அது விற்காது. மயிர் எந்தப் பக்கம் சுருண்டது என்பதற்காக ஓர் உயிருக்குப் போக்கிடம் இல்லாமல் போவது நியாயமா என்று வாதாடிப் பயனில்லை. சுழி பார்க்காதவர்களிடம் கொண்டுபோவதுதான் வழி. குதிரையேற்றப் பள்ளிகள், பந்தயக் குதிரையோடு பழகியவர்கள், கேரளத்திலும் கர்நாடகத்திலும் பண்ணை வைத்திருப்பவர்கள் சுழியைக் கேட்பதே இல்லை.

நலமான குதிரைக்கு மரணத்தைவிட மோசமான முடிவு ஒன்று உண்டு. அதற்குப் பெயர் 'சும்மா கொடுத்துவிடுவது'. விலை போட்டால் வாங்குகிறவன் ஓரளவு யோசிப்பான். பூஜ்யம் விலைக்கு யாரும் யோசிப்பதில்லை. "தோட்டத்துல சும்மா நிக்கட்டும் சார், பசங்க ஆசப்படுறாங்க" என்று முதல் ஆள் கூட்டிப்போவார். அவர் பொய் சொல்லவில்லை. ஆறு மாதத்தில் தீவனக் கணக்கு அவருக்குப் புரியும், அடுத்தவருக்குக் கொடுப்பார். இரண்டாவது கையில் கல்யாண ஊர்வலம், கடற்கரைச் சவாரி. மூன்றாவது கையில் குதிரைவண்டிப் பந்தயம். தசைநாண் அறுந்து ஆறிய காலோடு தார்ச்சாலையில் ஓடும். நான்காவது கை என்று ஒன்று இருக்காது, சாலைதான். ஊட்டியில் மட்டக்குதிரைகள் குப்பைத்தொட்டியில் வாய் வைத்து நிற்பதை எல்லாரும் பார்த்திருக்கிறோம். பிளாஸ்டிக் உறை பெருங்குடலில் அடைத்தால் நாலைந்து நாள் வலி. குதிரையால் வாந்தி எடுக்க முடியாது என்பதையும் சேர்த்து யோசிக்க வேண்டும். அதனால் யாராவது "நல்ல இடம் கிடைச்சிருச்சு" என்றால் நாங்கள் திருப்பிக் கேட்பது ஒரே கேள்விதான்: மூன்றாவது கை யார்?

கதவை மூடினால் குதிரை மறைந்துவிடாது என்பதற்கு அமெரிக்கா சாட்சி. அங்கே கடைசியாக இருந்த குதிரை இறைச்சிக்கூடங்கள் 2007ல் மூடப்பட்டன. நல்ல காரியம் என்று எல்லாரும் நினைத்தார்கள். 2010ல் சுமார் 1,38,000 குதிரைகள் அறுப்புக்காக லாரியில் எல்லை தாண்டி மெக்சிகோவுக்கும் கனடாவுக்கும் போயின. தூரம் கூடியதுதான் மிச்சம். பிரிட்டனில் உடையவர் தன் குதிரையைத் தக்க முறையில், வதையில்லாமல் கொல்லச் செய்வதை 2006ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டம் தடுக்கவில்லை. ஆரோக்கியமான குதிரையும் அதில் அடக்கம். ஜெர்மனியில் நேர் எதிர். அந்த நாட்டு விலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, நியாயமான காரணம் இல்லாமல் முதுகெலும்புள்ள பிராணியைக் கொல்வது சிறைக்குரிய குற்றம். பராமரிக்கப் பணமில்லை என்பதை நியாயமான காரணமாக அங்கே எளிதில் ஏற்பதில்லை. இரண்டு நாட்டிலும் குதிரை மேல் அக்கறை உள்ளவர்கள்தான் இருக்கிறார்கள்.

நம் நாட்டில் 1960ஆம் ஆண்டு பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டத்தின் 13ஆம் பிரிவு பிராணியை அழிப்பது பற்றிப் பேசுகிறது. ஆனால் அது முழுக்க வதைபட்ட, நோயுற்ற, படுகாயமடைந்த, உயிரோடு வைப்பதே கொடுமை என்ற நிலையில் உள்ள பிராணியைப் பற்றியது. உடையவர் கேட்கிறார், குதிரை நலம் என்ற நிலைமையை அது நேராகத் தொடவில்லை. அதனால் கால்நடை மருத்துவர்கள் பெரும்பாலும் மறுக்கிறார்கள். மறுக்க அவர்களுக்கு உரிமை உண்டு, அதை மதிக்க வேண்டும். அதே சட்டத்தின் 11ஆம் பிரிவில் இன்னொன்றும் இருக்கிறது. பட்டினியாலோ தாகத்தாலோ வதைபடும் நிலையில் பிராணியைக் காரணமின்றிக் கைவிடுவது குற்றம். முதல் தடவைக்கு அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை. ஒரு கிலோ கொள்ளு இன்றைக்கு அந்த 50 ரூபாய்க்கு வராது. ஊசி போடச் சட்டம் தயங்குகிறது, சாலையில் விட்டால் 50 ரூபாய். இந்த இடைவெளியில்தான் குதிரைகள் சாகின்றன.

வழக்கில் பறிமுதல் செய்யப்பட்டுக் காப்பகத்தில் விடப்பட்ட குதிரை வேறு கணக்கு. அது வழக்குச் சொத்து. 2017ஆம் ஆண்டு விதிகள் அதற்குத் தனியாக இருக்கின்றன. நீதிமன்றத்துக்குத் தெரியாமல் அதை வேறு கைக்கு மாற்றவும் கூடாது, முடிவு கட்டவும் கூடாது. இடமில்லை என்று காப்பகம் தானாக முடிவெடுத்து மாட்டிக்கொள்ளக் கூடாது.

நலமாகத் தெரியும் குதிரையைச் சட்டமே கொல்லச் சொல்லும் இடம் ஒன்று உண்டு. கிளாண்டர்ஸ் நோய். ஹிசாரில் உள்ள தேசியக் குதிரை ஆராய்ச்சி மையத்தின் இரத்தப் பரிசோதனையில் உறுதியானால், மூக்கில் ஒரு சொட்டு சளி இல்லாவிட்டாலும் அந்தக் குதிரையை அழிக்க வேண்டும். 2009ஆம் ஆண்டு தொற்றுநோய்த் தடுப்புச் சட்டம் அதற்கு அதிகாரம் தருகிறது. மனிதருக்கும் மற்ற குதிரைகளுக்கும் பரவும் நோய், அதனால் அங்கே வாதம் இல்லை. ஆனால் அந்த நாளில் உடையவர் முகத்தைப் பார்த்தால் ஒன்று விளங்கும். கண்ணுக்கு நலமாகத் தெரியும் குதிரையைக் கொடுப்பதற்கு எந்தக் காரணமும் மனதுக்குப் போதாது. காரணம் பெரிதாக இருக்கும்போதே இப்படி என்றால், 'இடமில்லை' என்ற காரணத்துக்கு எவ்வளவு வேலை செய்திருக்க வேண்டும்?

அந்த வேலையைச் சொல்கிறோம். எங்கள் வழக்கம் 90 நாள். அதற்குள் முடிவு பேசுவதில்லை.

முதல் இரண்டு வாரம் உண்மையிலேயே நலமா என்று பார்க்க. கெட்டியான தரையில் நேராக நடக்கவிட்டு, துள்ளோட்டம் ஓடவிட்டு, தலை எந்தக் காலுக்கு ஏறி இறங்குகிறது என்று கவனிக்க வேண்டும். முன்னங்காலில் வலி இருந்தால் அந்தக் கால் தரையைத் தொடும்போது தலை மேலே போகும். வாயைத் திறந்து கடைவாய்ப் பற்களின் ஓரத்தில் முள் வளர்ந்திருக்கிறதா பார்க்க வேண்டும். சேணம் உட்காரும் இடத்தில் முதுகை விரலால் அழுத்தினால் குதிரை குனிந்து விலகுகிறதா என்பதும் முக்கியம். தேவைப்பட்டால் கால் எக்ஸ்ரே. தசைநாணுக்கு ஸ்கேன் பார்க்க வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி போல வசதி உள்ள இடத்துக்குக் கொண்டுபோகலாம். தசைநாண் காயம் ஆற ஒன்பது மாதம் முதல் ஒரு வருடம் ஆகும். மூன்றாவது மாதத்தில் நொண்டுகிறது என்பதற்காக 'இது தேறாது' என்று எழுதிவிடுகிறவர்கள் அதிகம். அவசரம் கால் வலிக்கு அல்ல, வாடகைக்கு.

குணம் சரியில்லை என்று வரும் குதிரையை நாங்கள் முதலில் நம்புவதே இல்லை. பந்தய லாயத்தில் நாள் முழுக்க அடைத்து, தானியத்தைக் குவித்து, புல்லைக் குறைத்து வளர்த்த குதிரைகளில் வயிற்றுப்புண் மிகச் சாதாரணம். குதிரையின் இரைப்பை சாப்பிடாத நேரத்திலும் அமிலம் சுரந்துகொண்டே இருக்கும். மெல்ல எதுவும் இல்லாவிட்டால் எச்சில் ஊறாது, அமிலம் புண்ணாக்கும். சேண வாரை இறுக்கும்போது கடிக்க வரும் குதிரைக்குப் பாதி நேரம் அதுதான் நோய். அமிலத்தைக் குறைக்கும் ஒமெப்ரசோல் உடல் எடை கிலோவுக்கு 4 மில்லிகிராம் வீதம் 28 நாள், எப்போதும் முன்னால் புல், தானியம் பாதியாகக் குறைப்பு, பகலில் திறந்தவெளி, பக்கத்தில் இன்னொரு குதிரை. இதைச் செய்துவிட்டுப் பிறகு குணத்தைப் பற்றிப் பேசலாம். காயடிக்காத ஆண் குதிரை என்றால் முதலில் காயடிக்க வேண்டும். காயடித்த அன்றே சாதுவாகிவிடாது, ஒன்றிரண்டு மாதம் பொறுக்க வேண்டும். காயடிக்காத குதிரையை யாரும் வாங்க மாட்டேன் என்கிறார்கள் என்று சொல்லிக்கொண்டே காயடிக்காமல் வைத்திருப்பவர்களை என்ன சொல்வது?

இத்தனைக்கும் பிறகு எழுந்து நின்று ஆளை அடிக்கும் குதிரை ஒன்றிரண்டு மிஞ்சும். அதை 'பழக்கினால் சரியாகிவிடும்' என்று சொல்லி அனுபவமில்லாத வீட்டுக்கு அனுப்புவது இரண்டு உயிருக்கும் செய்யும் துரோகம்.

மீதி நாளெல்லாம் இடம் தேட. விளம்பரத்தில் குறையை முதல் வரியில் போட வேண்டும்: 'ஏறி ஓட்ட முடியாது, மேய்ச்சல் துணைக்கு மட்டும்.' குறையை மறைத்துக் கொடுத்த குதிரை திரும்பி வராது, அடுத்த கைக்குப் போய்விடும். வருகிறவரின் இடத்தை நேரில் பார்க்க வேண்டும். நிழல் உண்டா, நாளைக்கு 25 முதல் 50 லிட்டர் வரை தண்ணீர் உண்டா, முள்கம்பி வேலி இல்லையே, லாடக்காரர் ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை வந்துபோகிற தூரத்தில் இருக்கிறாரா? எழுத்தில் நான்கு வரி போதும். விற்கக் கூடாது, இனப்பெருக்கம் செய்யக் கூடாது, வைக்க முடியாவிட்டால் திருப்பிக் கொடுக்க வேண்டும், நாங்கள் சொல்லாமல் வந்து பார்ப்போம். நான்காவது வரியைக் கேட்டதும் முகம் மாறுகிறவரிடம் கொடுக்க வேண்டாம். குதிரையோடு ஒரு வருடத் தீவனப் பணத்தையும் சேர்த்துக் கொடுக்க உடையவர் முன்வந்தால் இடம் கிடைக்கும் வாய்ப்பு பல மடங்கு கூடும். இதைச் சொன்னால் கோபப்படுகிறவர்கள் உண்டு. பந்தயத்தில் ஓடிய காலத்தில் பயிற்சிக்கு மாதாமாதம் கொடுத்தவர்கள்தான்.

மாடுகளுக்கு இருப்பது போலக் குதிரைக்கு ஊருக்கு ஊர் கோசாலை இல்லை. அதனால் சிலர் குதிரையைக் கோசாலையில் விடுகிறார்கள். மனசு நல்லது, தீவனம் ஆபத்து. மாட்டுக்கு நான்கு அறை வயிறு, குதிரைக்கு ஒன்று. வெறும் வைக்கோலையே தின்றால் குடல் அடைக்கும். யூரியா கலந்த தீவனம் ஆகாது. கோழித்தீவனத்தில் கலக்கும் மோனென்சின், சாலினோமைசின் போன்ற மருந்துகள் மாட்டுக்கும் கோழிக்கும் தாங்கும் அளவிலேயே குதிரையின் இதயத் தசையைக் கொன்றுவிடும். நேப்பியர் வகைப் புல்லை மட்டும் மாதக்கணக்கில் போட்டால் அதிலுள்ள ஆக்சலேட் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். தவிடும் சேர்ந்தால் பாஸ்பரஸ் ஏறும், முகத்து எலும்பு வீங்கித் தலை பெருத்துவிடும், கால் நொண்டும். நலமாகப் போன குதிரை ஒரு வருடத்தில் நோயாளியாகத் திரும்புவது இப்படித்தான். குதிரை மசால் என்று நம்மவர்கள் பெயர் வைத்த பயிர் ஒன்று இருக்கிறது. அதைப் போடுகிறவர்களைக் காணோம்.

காப்பகங்களின் பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். 'நாங்கள் ஒன்றையும் கொல்ல மாட்டோம்' என்பது கேட்க நன்றாக இருக்கும். இருபது குதிரைக்கான தீவனத்தில் முப்பத்தைந்தை நிறுத்தி, எல்லாவற்றுக்கும் விலா எலும்பு தெரிய வைத்திருக்கும் இடத்தை நாங்கள் காப்பகம் என்று சொல்வதில்லை. உடல்நிலைக்கு 1 முதல் 9 வரை மதிப்பெண் போடும் ஹென்னகி முறை இருக்கிறது. மாதம் ஒருமுறை கையால் விலாவையும் முதுகையும் வால் அடியையும் தடவி எழுதி வைக்க வேண்டும். மொத்தக் கூட்டமும் 4க்குக் கீழே இறங்கிக்கொண்டிருக்கிறது, புதியதாக இரண்டு வந்து நிற்கிறது என்றால், வாசலை மூடுவதுதான் முதல் வேலை. மூடிய வாசலுக்கு வெளியே நிற்கும் குதிரைக்கு என்ன ஆகும் என்ற கேள்வி வரும். வரட்டும். உள்ளே இருப்பவற்றின் வாயிலிருந்து பிடுங்கி அதற்குப் பதில் சொல்லக் கூடாது.

ஆக எங்கள் முடிவு இது. கால் நொண்டும், ஆனால் வலியில்லாமல் மேயும் குதிரைக்கு ஊசி வேண்டாம். அதற்கு இடம் தேடாமல் கேட்கிறவர் சோம்பேறி. மேய்ச்சலிலும் தினசரி வலி மருந்தில்லாமல் நிற்க முடியாத குதிரை நலமான குதிரையே அல்ல, அதை அந்தக் கணக்கில் சேர்த்துக் குழப்பக் கூடாது. வலியும் புண்ணும் தேடி வைத்தியம் பார்த்த பிறகும் ஆளைக் கொல்லக்கூடிய குதிரைக்கும், கேட்க நாதியில்லாமல் கடைசியில் சாலைக்குப் போகப்போவது உறுதியான வயதான குதிரைக்கும், தெரிந்த இடத்தில், தெரிந்த கையில், வயிறு நிறைந்திருக்கும்போது வரும் முடிவைத் தவறு என்று எங்களால் சொல்ல முடியவில்லை. அதைச் சரி என்றும் பெருமையாகச் சொல்வதில்லை. உடையவரும் ஒரு மருத்துவரும் மட்டும் முடிவெடுக்கக் கூடாது. அந்தக் குதிரைக்குத் தினமும் தண்ணீர் வைத்துப் பார்த்துக்கொள்ளும் குதிரைக்காரரான சாயிஸையும் உட்கார வைத்துக் கேட்க வேண்டும். அது எங்கே படுக்கும், எதற்கு மிரளும், எந்தக் காலை முதலில் தூக்கும் என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். "இன்னும் ஒரு மாசம் பார்ப்போம் சார்" என்று அவர் சொன்னால் பார்க்க வேண்டும்.

முடிவான பிறகு செய்யக்கூடாத முதல் காரியம் பொய்ச் சான்றிதழ். 'வயிற்றுவலி வந்து இறந்தது' என்று எழுதித் தரச் சொல்வார்கள். எழுதக் கூடாது. காப்பீடு இருந்தால் அது மோசடி. நலமான குதிரையைக் கொன்றதற்குக் காப்பீட்டுப் பணம் வராது. உண்மைக் காரணம், 90 நாளில் செய்தவை, யார் யாரிடம் கேட்டோம், யார் சம்மதித்தார்கள் என்று ஒரு பக்கம் எழுதி எல்லாரும் கையெழுத்துப் போட வேண்டும். எழுதும்போதே சில நேரம் விட்டுப்போன வழி ஒன்று கண்ணில் படும்.

நாள் குறிக்கும்போது குழியை முதலில் வெட்ட வேண்டும். குதிரையைக் கீழே சாய்த்துவிட்டு ஜேசிபிக்குப் போன் போடுகிற கூத்து நடந்துகொண்டுதான் இருக்கிறது. 500 கிலோக் குதிரைக்கு மூன்று மீட்டர் நீளம், இரண்டு மீட்டர் அகலம், மூன்று மீட்டர் ஆழம். மேலே குறைந்தது ஒரு மீட்டர் மண் நிற்க வேண்டும். குடிநீர்க் கிணற்றிலிருந்து 100 மீட்டருக்குக் குறையாமல் தள்ளி, வெட்டும்போது ஊற்று வராத இடமாக. அதிகாலை நல்லது. வெயில் இல்லை, வேடிக்கை பார்க்க ஆள் இல்லை, எறும்பும் ஈயும் குறைவு.

முந்தின நாள் வழக்கமான தீவனம். பட்டினி போட வேண்டாம். காலையில் சாயிஸ் வழக்கம்போல வந்து பிடித்துக்கொண்டு, குழியிலிருந்து பத்துப் பதினைந்து மீட்டர் தள்ளி, சரிவில்லாத மண் தரையில் நிறுத்துவார். சிமெண்ட் தரை வேண்டாம், மரத்தில் கட்டவும் வேண்டாம். கழுத்து இரத்தக்குழாய்க்கு மேல் ரோமத்தை மழித்து, 14 கேஜ் கதீட்டர் என்ற மெல்லிய குழலைப் போட்டு, தைத்து, உப்புநீர் தள்ளி ஓடுகிறதா பார்க்க வேண்டும். வெறும் ஊசியை நம்புவதுதான் பாதித் தவறுகளுக்குக் காரணம். குதிரை தலையை ஆட்டினால் ஊசி குழாயை விட்டு வெளியே வந்து மருந்து சதைக்குள் போகும். எரியும், மிரளும். பிறகு எதுவும் அமைதியாக நடக்காது.

முதலில் மயங்கி விழாமல் மந்தமாக நிற்க வைக்கும் மருந்து, சைலசின். ஐந்து நிமிடம் காத்திருக்க வேண்டும். கீழ் உதடு தொங்கும், தலை முழங்கால் உயரத்துக்கு இறங்கும், காது இரண்டு பக்கமும் சாயும். அதற்கு முன் அவசரப்படக் கூடாது. அளவுக்கு மீறியும் போடக் கூடாது. இரத்த ஓட்டம் மந்தமானால் அடுத்த மருந்து மூளைக்குப் போகத் தாமதமாகும். அடுத்தது உயிரை எடுக்கும் மருந்தான பென்டோபார்பிட்டல், செறிவைப் பொறுத்து 100 முதல் 200 மில்லி வரை. கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ள மருந்து, எல்லா இடத்திலும் கிடைக்காது. கிடைக்காதபோது தையோபென்டோனில் ஆழ்ந்த மயக்கம் கொடுத்து, கண் விழியைத் தொட்டாலும் அசைவில்லை என்று உறுதி செய்த பிறகே பொட்டாசியம் குளோரைடு. மயக்கமில்லாத குதிரைக்குப் பொட்டாசியத்தை மட்டும் ஏற்றுவது வதை. இதயம் நிற்கும் வரை அதற்கு எல்லாம் தெரியும்.

பெரிய சிரிஞ்சுகள் இரண்டு மூன்று முன்கூட்டியே நிரப்பி வரிசையாக இருக்க வேண்டும். மருந்து உள்ளே போய் அரை நிமிடம் முதல் ஒரு நிமிடத்துக்குள் குதிரை ஆழமாக ஒரு மூச்சு இழுக்கும். பிறகு முட்டி மடியும். சில குதிரை பின்னால் உட்கார்ந்து சாயும், சில முன்னால் ஓரடி பாய்ந்து விழும். அதனால் முகத்துக்கு நேரே யாரும் நிற்கக் கூடாது. கயிறு நீளமாக, தோள்பட்டைப் பக்கமாக நின்று பிடிக்க வேண்டும், கையில் சுற்றக் கூடாது. விழுந்த பிறகு இரண்டு மூன்று முறை பெருமூச்சு வரும், விலாச் சதை துடிக்கும், கண் திறந்தே இருக்கும். உயிர் இருக்கிறது என்று சாயிஸ் கத்துவார். இதை முன்கூட்டியே அவரிடம் சொல்லியிருக்க வேண்டும். கருவிழி மேல் விரலால் தொட்டுப் பார்த்து, இடது முழங்கைக்குப் பின்னால் ஸ்டெதாஸ்கோப் வைத்து ஐந்து நிமிடம் முழுதாகக் கேட்ட பிறகுதான் 'போய்விட்டது' என்று சொல்ல வேண்டும். கூட இருந்த குதிரையைக் கொண்டுவந்து மோந்து பார்க்க விட்டால், அது பிறகு கத்திக்கொண்டு தேடுவது குறைகிறது. மோந்துவிட்டு அதுபாட்டுக்குப் புல் மேயப் போய்விடும். சில குதிரைகள் அரை மணி நேரம் நகராது. விட்டுவிட வேண்டும்.

சடலத்தைத் திறந்த வெளியில் ஒரு மணி நேரம்கூட விடக் கூடாது. உள்ளே இருக்கும் மருந்து தின்கிற எதையும் கொல்லும். நாய், நரி, கழுகு எல்லாம். நீலகிரியில் இது இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டிய விஷயம். சீகூர், மாயாறு பக்கம் மிஞ்சியிருக்கும் பாறு கழுகுகள் சடலத்தை நம்பி வாழ்பவை. சடலத்தில் தங்கிக் கழுகைக் கொல்லும் வலி மருந்துகளில் டைக்ளோஃபினாக்கை கால்நடைக்குப் பயன்படுத்த 2006லும், கீட்டோபுரோஃபென், அசிக்ளோஃபினாக் இரண்டையும் 2023லும் தடை செய்தது அவற்றுக்காகத்தான். கடைசி நாட்களில் குதிரைக்கு வலி மருந்து தேவைப்பட்டால் மெலாக்சிகாம் கேளுங்கள். குழியில் இறக்கியதும் வயிற்றை ஓரிடத்தில் குத்திக் காற்றுப் போக வழி செய்ய வேண்டும். இல்லாவிட்டால் மூன்றாம் நாள் உப்பி, மண்ணைப் பிளந்துகொண்டு மேலே வரும். தொற்றுநோய் இல்லாத சடலத்துக்குச் சுண்ணாம்பு தேவையில்லை. மக்குவதைத்தான் தாமதமாக்கும்.

பந்தயக் குதிரையாக இருந்தால் அதன் பாஸ்போர்ட்டையும் மைக்ரோசிப் எண்ணையும் பந்தயக் குதிரைகளின் பதிவேட்டை வைத்திருக்கும், புனேயில் உள்ள இந்திய ஸ்டட் புக் அலுவலகத்துக்கு எழுதி அனுப்பி இறப்பைப் பதிய வேண்டும். செத்த குதிரையின் புத்தகம் வேறொரு குதிரையோடு ஊர் சுற்றக் கூடாது. லாடத்தைக் கழற்றி எடுத்துக்கொள்வார்கள், சாயிஸ் கேட்டால் வாயணியைக் கொடுத்துவிடுங்கள். குழிமேல் மண்ணை ஓர் அடி கூட்டியே மேடாகக் குவிக்க வேண்டும். முதல் மழைக்கு அது தாழும். வடகிழக்குப் பருவமழை முடிந்ததும் போய்ப் பார்த்து, இன்னொரு டிராக்டர் மண் அடிக்க வேண்டியிருக்கும்.